பீங்கான் குமிழ்

பிற்பகல் மூன்று மணி. கரூ வறள்வெளியில்
ஆடுகள் ஒன்றின் நிழலில் ஒன்று
தலையைச் செருகி நிற்கின்றன.
தொலைநோக்கியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டேன்.
வேலியோரத்தில் முக்காலியும் அதன்மேல் சாய்ந்த அச்சும் மட்டும்,
தலை போன கொக்கு.

அச்சின் வயிற்றில் ஒரு சின்னக் குழல்,
குழலுக்குள் கண்ணாடி வில்லை,
வில்லையில் மயிரிழையாய்க் கீறிய சிலுவை.
அது நடுவில் இல்லை.
மூன்று மாதமாக என் படங்களில் நட்சத்திரங்கள்
புள்ளியாக நில்லாமல் புழுவாக நீள்வது அதனால்தான்.

பகலிலேயே சரிசெய்யலாம்,
தொலைவில் அசையாத ஏதாவது ஒன்று கிடைத்தால்.
காற்றாடி இறைப்பான் ஆகாது, வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.
குன்று ஆகாது, கானலில் கொதிக்கிறது.
கடைசியில் அகப்பட்டது
வேலிக்கு அப்பால் தெற்கே, ஃப்லோரிஸ் வீட்டருகே
மின்கம்பத்து உச்சியில் ஒரு வெள்ளைப் பீங்கான் குமிழ்.

ஃப்லோரிஸ் என் கணவனின் தம்பி.
பீட்டரஸ் போய் ஆறு வருடம்.
ஆழ்துளைக் கிணறு யார் பக்கம் என்று
நில அளவையாளர் மூன்று முறை வந்துபோன பிறகு
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

குழலுக்குள் எல்லாம் தலைகீழ்.
அவன் வீடு கூரை கீழாகத் தொங்குகிறது,
புகைபோக்கி மண்ணை நோக்கிப் புகைகிறது,
கொடியிலிருந்து அவன் சட்டைகள் மேலே வடிகின்றன.
சிலுவையின் நடுவில் குமிழை உட்காரவைத்தேன்.
அச்சை அரைச்சுற்று திருப்பினேன்.
குமிழ் நழுவி அவன் கூரையைத் தாண்டிப் போனது.

இனிதான் வேலை.
மூன்று திருகாணிகள், எள்ளளவு.
விலகியதில் பாதியைத் திருகாணியால் எடுக்கவேண்டும்,
மறுபாதிக்கு அச்சையே அசைக்கவேண்டும்.
முழுவதையும் திருகாணியாலேயே தீர்ப்பேன் என்று நின்றால்
அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்.
நான் நான்கு முறை அப்படி நின்றேன்.

ஐந்தாம் முறை ஒன்றைக் கூடுதலாய்த் தளர்த்த
வில்லை கழன்று உள்ளங்கையில் விழுந்தது,
மீன் செதிள் கனம்.
மூச்சுவிடப் பயந்து நிமிர்ந்தால்
வேலிக்கு அந்தப்புறம் ஃப்லோரிஸ்.

"ஒரு மணி நேரமாய் என் வீட்டையே பார்க்கிறாய்."
"வீட்டை இல்லை. கம்பத்துப் பீங்கானை."
"அதில் என்ன?"
"அது அசையாது."

திரும்பிப் பார்த்தான்,
தன் கம்பத்தை முதல் தடவை பார்ப்பவன்போல.
தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.
அவன் வேலியைத் தாண்டவில்லை, கை மட்டும் தாண்டியது.
கம்பளி எண்ணெய் படிந்த அந்தக் கை
வில்லையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது,
நான் குழலைத் துடைத்து முடிக்கும் வரை.
நடுங்கவே இல்லை, பாவி.

ஆறு மணிக்கு
எந்தப் பக்கம் சுற்றினாலும் குமிழ் நகரவில்லை.
"அடுத்த மாதம் அந்தக் கம்பத்தைப் பிடுங்குகிறார்கள்"
என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வடக்கே இருப்பவர்களுக்கு
துருவத்தில் ஒரு விளக்கு வைத்திருக்கிறது வானம்.
எங்களுக்கு வெறும் இடம்.
அதன் பக்கத்தில் மங்கலாய் நான்கு புள்ளிகள்,
கோணிப்போன கட்டில்.
ஃப்லோரிஸின் முற்றத்து விளக்கும் அதே திசையில்.
கட்டிலின் ஒரு கால் தினமும் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும்.

ஒன்பது மணிக்குக் கண்ணை வைத்தேன். மூன்று கால்.
ஒன்பதேகாலுக்கு விளக்கு அணைந்தது.
மின்வெட்டாக இருக்கும், இங்கே அது வாடிக்கை.
திரும்பிப் பார்த்தேன்.
என் சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போய் அதையும் அணைத்துவிட்டு வந்தேன்.
நான்காவது கால் மெல்ல ஊன்றியது.
ஒன்றுமில்லாத அந்த இடத்தில் சிலுவையை நிறுத்தி
பூட்டுத் திருகை இறுக்கினேன்,
ரொம்பவும் இறுக்காமல்.