இரண்டாம் பாகம் எங்கே நிற்கிறது

சுற்றறிக்கை ஒரு பக்கம்தான்.
திருப்பிக் கொடுத்த கிளையிலேயே புத்தகம் தங்கும்.
எந்தப் புத்தகத்துக்கும் இனிச் சொந்தக் கிளை இல்லை.
இதன் பெயர் மிதக்கும் சேகரிப்பு.
வான் சாரதி லாபிர் வாசித்துவிட்டுக் கேட்டான்:
"அப்ப எனக்கு வேலை இல்லையா, மிஸ்?"

வேலை கூடியது.

முன்பு முத்திரையைப் பார்த்தால் போதும்,
ஊதா மையில் ஊரின் பெயர்,
அந்தப் பெயருக்கு ஒரு பெட்டி.
இப்போது ஒவ்வொரு முத்திரைக்கும் குறுக்கே
பேனையால் கோடு போட்டு வெட்டினேன்.
நகரம், உப்புவெளி, நிலாவெளி,
கிண்ணியா, மூதூர்.
நாலாயிரத்துச் சொச்சம் கோடுகள்.
சிலவற்றில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது:
கடல் வந்துபோன வருஷம்
யாரோ தங்கள் ஊரின் பெயரை வெட்டிவிட்டு
எங்களுக்கு அனுப்பியவை.

ஆறு மாதத்தில்
சாதாரண தர வினாத்தாள்கள் உப்புவெளியில் குவிந்தன,
அங்கே டியூட்டரியும் நூலகமும் ஒரே மதில்.
தையலும் கேக்கும் கிண்ணியாவில்.
நகரத்தில் வைக்க இடமில்லை, கதிரைகளில் அடுக்கினோம்.
மூதூரில் வெறும் பலகை.

"மூதூர் வாசிக்கிறதில்லை" என்றார்
கணக்குப் பார்க்க வந்த ஐயா.

நான் இரவல் சீட்டுகளைப் பிரித்து வைத்துப் பார்த்தேன்.
மூதூர்தான் கூட வாசிக்கிறது.
ஆனால் கிளினிக்குக்கு நகரம்,
கச்சேரிக்கு நகரம், வங்கிக்கு நகரம்,
வருகிற கையோடு புத்தகத்தையும்
எங்கள் பெட்டியில் போட்டுவிட்டுப்
பின்னேர பஸ்ஸுக்கு ஓடுகிறது.
மிதப்பது என்று எழுதியவர்
பஸ்ஸில் வந்திருக்கமாட்டார்.

சனிக்கிழமைகளில் லாபிர் நாற்பது புத்தகம் கொண்டுபோவான்.
செவ்வாய்க்குள் முப்பது திரும்பி வந்துவிடும்.

இதற்குள்தான் அந்தப் பச்சை அட்டை நாவல்,
இரண்டு பாகம்.
மூதூர் நிஸ்மியா முதலாவதை முடித்துவிட்டுத்
தொலைபேசியில் கூப்பிட்டாள்.
இரண்டாவது கிண்ணியாவில் என்று கணினி சொன்னது.
லாபிர் போனான், அது நிலாவெளிக்குப் போயிருந்தது.
நிலாவெளிக்குப் போனான், உப்புவெளியில் யாரோ எடுத்திருந்தார்கள்.
"மிஸ், கிணத்தடிக்குப் போனவள்
திரும்பி வந்தாளா இல்லையா,
அத மட்டும் சொல்லுங்களன்."
எனக்குத் தெரியாது.
அந்த நாவலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்,
பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன்.
வாசித்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு வியாழன்
முதலாம் பாகம் நகரப் பெட்டிக்குள் விழுந்தது.
நிஸ்மியா கிளினிக்குக்கு வந்திருக்கிறாள்,
நான் மேல்மாடியில் இருந்திருக்கிறேன்.
அன்று மூடுகிற நேரம்
இரண்டாவதும் வந்தது,
முதல் பக்கத்து ஓரத்தில் பென்சில் எழுத்தோடு:
'முந்தின பாகத்தில் ஆரோ செத்துப்போயிருக்க வேணும்.
எல்லாரும் மெதுவாகக் கதைக்கினம்.'
அங்கத்தவர் இலக்கத்தைப் பார்த்தேன்.
குகநேசன், உப்புவெளி.
பின்பாகத்தை மட்டும் வாசித்த மனிதன்.

புத்தகத்தில் எழுதினால் தண்டம் ஐம்பது ரூபாய்.
போடவில்லை.

ஒரு இரவு இரண்டும் என் மேசையில்
முதுகோடு முதுகு ஒட்டி நின்றன.
காலையில் லாபிர் கேட்டான்,
"ரெண்டையும் ஒண்டாக் கட்டி விடுவமா?"
கட்டினால் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.
முதலாவது உப்புவெளிப் பெட்டிக்கு,
இரண்டாவது மூதூர்ப் பெட்டிக்கு.
ஒன்று வடக்கே, ஒன்று பாலம் தாண்டி.

பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு
வானின் கதவைத் திறக்கப் போனோம்.
திரும்பினால், கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
அட்டைப் பெட்டியின் மூலையைத்
தின்றுகொண்டிருந்தது,
ஊரின் பெயர் எழுதிய மூலையை.

"இது எந்த ஊருக்கு, மிஸ்?"
பேனையைத் தேடினேன்.