சோடாவுக்குத் தலை சுற்றிய கிழமை

முதலில் நான் சிரித்தேன்.
அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.
விடியப்புறம், கிணற்றடி, வாயில் நுரை.
சோடா வலப்பக்கமாக நாலடி வைத்து
வேலித் தகரத்தில் மோதி விழுந்தான்,
எழும்பி, திரும்பவும் வலப்பக்கம்.
"என்னடா, கனகசூரியம் வளவுக்குள்ள பூந்து
கசிப்புக் கோடா குடிச்சிட்டியா?"

மறுகாதான் கண்ணைப் பார்த்தேன்.
ஓடுகிற பஸ்ஸில் இருந்து
தந்திக் கம்பம் எண்ணுகிறவனின் கண்போல
இரண்டு மணியும் பக்கவாட்டில் துடித்தன.
அவன் எங்கும் போகவில்லை.
சேற்றில் கிடந்தான்.

பதினாலு வயது.
வெள்ளம் வந்த தையில்
எங்கள் வேலியில் மாட்டிய சோடாப் பெட்டி,
போத்தல் வைக்கிற ஒரு குழிக்குள் இவன்.
மற்றக் குழிகளைப் பற்றி
நானும் புவனேசும் பேசுவதில்லை.

"பாரிசவாதம்" என்றாள் புவனேசு.
"அப்பாக்கும் இப்பிடித்தான் தலை சரிஞ்சது."
வேலிக்கு மேலால் கனகசூரியம்:
"வயசு போன சீவன், விடுகா."
நான் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன்.
வயசு போனதென்று
ஒரு எஞ்சினையும் கடலில் போட்டதில்லை.

இரண்டு ஆட்டோ ஏற்றவில்லை.
மூன்றாவது மருதமுனை நௌசாத்.
கொஞ்சம் யோசித்தான்,
சீட்டுக்குக் கீழே இருந்து உரப்பை எடுத்து விரித்தான்.
"வாய்ப்பக்கத்த உங்கட பக்கம் பிடிங்கண்ணன்,
மிச்சத்த நான் கழுவிக்கொள்றன்."
கல்லாற்றுப் பாலத்தில்
சோடா என் சாரத்தில் சத்தி எடுத்தான்.
நௌசாத் திரும்பிப் பார்க்கவில்லை,
பள்ளங்களை மட்டும் பார்த்து ஓட்டினான்.

களுவாஞ்சிக்குடியில் மிருக வைத்தியர்
சின்னப் பிள்ளை, முழங்கைவரை மாட்டு மணம்.
"வாதம் இல்ல போல ஐயா.
காதுக்குள்ள நிதானம் பாக்கிற இடம் ஒண்டு இருக்கு,
அது குழம்பியிருக்கு.
கிழட்டு நாயளுக்குத் திடீரெண்டு வரும்.
தானாவும் மாறும். நாலஞ்சு நாள் பாருங்க."
மாறாட்டி?
அவள் பேனையை மூடினாள்.

இரவு லொறி டியூப் ஒன்றில் காற்றடித்து
நடுவில் பழஞ்சாரம் போட்டு
உருளாமல் இவனைக் கிடத்தினேன்.
ஊசி இல்லாத சிறிஞ்சால் தண்ணி, மூன்று சொட்டு, மூன்று சொட்டு.
பத்தொன்பது வயதில் ஒருநாள்தான் கடலுக்குப் போனேன்.
குடலே வெளியில் வந்தது.
அதற்குப் பிறகு கரையில் நின்றே
மற்றவர்களின் எஞ்சினைக் கடலுக்கு அனுப்புகிறேன்.
எனக்குத் தெரியும் சோடா, அந்த ஆட்டம்.
ஆனால் எனக்கு அன்றைக்குப் பார்க்க ஒரு கரை இருந்தது.

விலாவில் உள்ளங்கையை வைத்து அமத்தினேன்.
எடை கூடக்கூட நடுக்கம் குறைந்தது.
எடுத்தால் தொடங்கியது.
எடுக்கவில்லை.
வீட்டுக்குள் நாய் வரக்கூடாதென்று
பதினாலு வருசம் சட்டம் வைத்திருந்தவள்
தலையணையோடு வந்து
டியூபின் மற்றப் பக்கம் படுத்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
என் கை மரத்துப்போனதும்
தன் கையை வைத்தாள்.

இதையும் சொல்ல வேணும்:
இரண்டாம் சாமத்தில்
முருங்கைக்குக் கிழக்கே இடம் பார்த்து வைத்தேன்.
எங்கள் ஊர் மணல், வெட்ட நேரம் எடுக்காது.
நினைத்து முடியுமுன் அவன் காது அசைந்தது.
கேட்டுவிட்டானோ என்று
விடியும்வரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கண் நின்றது.
நாலாம் நாள் அவித்த சூடை மீன்,
பாதி வாய்க்குள், பாதி தரையில்.
தலை மட்டும் சரிந்தே நிற்கிறது,
நாங்கள் சொன்ன ஏதோ ஒன்றை
நம்பாதவன்போல.
இனி நிமிராமலும் போகலாமாம்.

இன்றைக்குச் சுவரை உரசி உரசி முற்றத்துக்கு வந்தான்.
சுவர் முடிந்த இடத்தில் நின்றான்.
நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.
முழங்காலில் முழுப் பாரத்தையும் சாய்த்து
பின்காலைத் தூக்கினான்.

சட்டைப்பைக்குள் போன் அடிக்கிறது.
கரையில் யாருக்கோ எஞ்சின் இழுக்குதில்லை.
இழுக்காமல் கிடக்கட்டும் கொஞ்சநேரம்.
செருப்பு நனைகிறது.
அசையமாட்டேன்.