நடைவரைபடம், மூன்றாம் திருத்தம்

நகரசபை கேட்டது ஒரே ஒரு தாள்.
மூன்றாய் மடித்தால்
சட்டைப்பைக்குள் போகவேணும்.
"வவுனியா நகர்: நடந்து பார்க்க
இரண்டு மணித்தியாலம்."

புகையிரத நிலையத்தில் தொடங்கினோம்,
நானும், படமெடுக்க நிஸ்வானும்.
மேடைத் தூண் ஒன்று
ஆள் உயரத்துக்கு மட்டும் வழுவழுவென்றிருந்தது,
சாய்ந்த முதுகுகள் தேய்த்த மினுக்கம்.
"இதை எழுது" என்றான்.
எழுதினேன்.
முதலாம் திருத்தத்திலேயே வெட்டிவிட்டார்கள்.
ஆதாரம் இல்லையாம்.

பிறகு இலுப்பையடி.
இலுப்பை எங்கே என்றால்
ஒவ்வொரு கடையும் மற்றக் கடையைக் காட்டியது.
பூட்டுத் திருத்துகிற தெய்வேந்திரம் மட்டும்
நிமிராமல் சொன்னார்:
"நீ நிக்கிறதுதான் அடி, பிள்ளை.
மேல் பக்கத்தைத்தான் காணேல்லை."

இந்த ஊரில் பெயரைப் பிடித்துக்கொண்டு நடந்தால்
குருமண்காட்டில் காடு வராது,
ஒரு பல்வைத்தியரின் வாசல் வரும்.

சந்தைக்குள், கழுவிவிட்ட தண்ணீரில்
கால் வைக்க இடம் தேடினோம்.
ஜப்பான் மீனுக்கு ஐஸ் அள்ளிப் போட்டவள்
என் கையில் தாளும் பேனையும் கண்டு
முகத்தை இறுக்கினாள்.
"எந்தக் கொம்பனி? லீசிங்கோ?"
"இல்லை அக்கா, சரித்திரம்."
"அதுக்கும் வட்டி எடுக்கிறியளோ?"

பாலைப்பழம் ஒரு சுண்டு வாங்கினோம்.
பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள
பள்ளிவாசல் தாண்டும் மட்டும்
இருவரும் பேசவில்லை.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
வாயைத் துடைத்துவிட்டு நிஸ்வான் கேட்டான்:
"உனக்கு இந்த ஊர் முந்தியே தெரியுமோ?"

தெரியும்.
பதினொரு வயதில்,
அம்மாவின் உள்ளங்கைக்குள் ஒரு நாள் பாஸ்,
வியர்வையில் மை கரைந்துகொண்டிருந்தது.
ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, பஸ்.
அவ்வளவுதான் ஊர்,
ஒரு கோடு,
திரும்பிப் பார்க்க அகலம் இல்லாதது.
கடைக்கண்ணாடிக்குப் பின்னால்
சிவப்புச் செருப்பொன்று.
நான் நின்றேன்.
அம்மா செருப்பைப் பார்க்கவில்லை,
மணிக்கூட்டைப் பார்த்தா.

இதை நிஸ்வானுக்குச் சொல்லவில்லை.
"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

அந்த வீதியை இன்று மூன்று தரம் நடந்தேன்.
போகவும் வரவும்,
பிறகு சும்மாவும்.
செருப்புக்கடை எதுவென்று பிடிபடவில்லை.
எல்லாக் கதவிலும் போன் கவர்கள் தொங்கின,
காற்றில் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு.

இரவு, வரைபடத்தில் அந்த இடத்தில்
"இங்கே ஆறுதலாக நிற்கவும்" என்று எழுதினேன்.
தலைப்பிலிருந்த இரண்டு மணித்தியாலத்தை
நானே வெட்டினேன்.

அதிகாரி பென்சிலால் வட்டமிட்டு
திருப்பி அனுப்பியிருக்கிறார்:
"இவ்விடத்தில் பார்ப்பதற்கு என்ன உள்ளது?"

நிஸ்வானின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
நடைபாதை.
சாய்த்து வைத்த சைக்கிள்.
அதன் நிழல் போதாமல்
பாதி உடம்பை வெயிலில் விட்டு
ஒரு நாய் நித்திரை.