ஊதாத பாடம்

லுப்லியானாவில் நான்காம் மாடி.
அடுப்படி மேசையில் பால்புட்டி, கத்தி,
ஓபோவுக்காக நான் இழைக்கும் புதுச் சீவாளி.
மூன்று வாரம் பழக்கிவைத்திருந்ததை
நேற்று லோவ்ரோ கடித்துவிட்டான்.
முளைத்த பல்லுக்கு வேறென்ன வேலை.

த்யாஷா இரவுப் பணிக்குப் போய்விட்டாள்,
ஆஸ்பத்திரிக் காலணியைக் கையில் பிடித்தபடி,
கிறீச்சிடும் மூன்றாம் படியைத் தாண்டி.

நாளை கச்சேரி.
எல்லோரும் ஓய்ந்தபின்
பதினோரு நொடி நான் மட்டும்.
இப்போது ஊத முடியாது, பிள்ளை தூங்குகிறது.
கீழ்வீட்டு கொராஷெட்ஸும் தூங்குகிறார்,
மூன்றாம் புகாரை எழுதிவைத்துவிட்டு.
மூச்சை அடக்கி
விரல்களை மட்டும் ஓட்டுகிறேன்.
டிக் டிக்கென்று வெள்ளி மூடிகள்,
தகரத்தில் உருகிச் சொட்டும் பனிபோல.

ஓரிடத்தில் சுண்டுவிரல் இடறுகிறது.
இருபது தடவை பார்த்தாயிற்று.
போதும், காலையில் பார்க்கலாம் என்று நிறுத்துகிறேன்.

உள்ளே வீறிடுகிறான்.

பால் வேண்டாம்.
துணியும் நனையவில்லை.
தோளில் சாய்த்து, அந்தச் சின்ன முதுகில்
விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்குகிறேன்.
விசும்பல் அடங்குகிறது.

இதோ, அந்த இடம் வருகிறது.
இடறுகிறேன்.

ஏப்பம் விடுகிறான்.