புரை

அறையின் ஏசிக் குளிரை
கேமரா தன்னோடு எடுத்துவந்திருந்தது.
காமராஜர் சாலையில் பையைத் திறந்ததும்
ஆனி மாதக் கடற்காற்று
லென்ஸின் மேல் மூச்சு விட்டது.

ஐந்து ஐம்பது.
கட்டடம் மட்டும் போதும், ஆள் வேண்டாம்
என்றிருந்தார் காலண்டர் கம்பெனிக்காரர்.
சூரியன் பார்க்க வந்த கூட்டத்தில்
கடலுக்கு முதுகு காட்டி நின்றவன்
நான் ஒருவன்தான்.

எதிரே ஐஸ் ஹவுஸ்.
பெயர்ப்பலகையில் வேறு பெயர்;
பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்டுப் பாருங்கள்.
அமெரிக்கக் குளமொன்றின் உறைந்த நீர்
மரத்தூளைப் போர்த்திக்கொண்டு
மாதக்கணக்கில் கப்பலில் வந்து
கரைந்தது போக மீதி இறங்கிய வீடு.
அதன் வளைந்த முகப்பில்
சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.
எனக்கோ எல்லாம் பால்.

அந்த நேரம் பார்த்து
நொச்சிக்குப்பம் போகிற குட்டியானை
சடக்கென்று பிரேக் அடிக்க
கோணி விலகி
முழுசாய் ஒரு ஐஸ் பார்
தாரில் வழுக்கிக்கொண்டே வந்து
அந்த வாசலுக்கு நேர் எதிரே நின்றது,
நூற்றெண்பது வருஷம் தாமதமாய்
விலாசம் கண்டுபிடித்த பார்சல்போல.

டில்லிபாபு இறங்கித் தலையில் கை வைத்தான்.
வாக்கிங் வந்தவர் ஷூ முனையால் தொட்டுப் பார்த்தார்.
ஒரு நாய் நக்கியது, யோசித்தது, மறுபடி நக்கியது.
பின்னாலிருந்து தேசம்மா
குத்தூசியோடு குதித்தாள்.
ஒவ்வொரு குத்துக்கும்
விடியல் சில்லுசில்லாய்த் தெறித்தது.

கிளிக். பால்.
கிளிக். பால்.

“இன்னா தம்பி,
மெஷினுக்குக் கண்ணுல புரை வுழுந்துச்சா?”

சட்டை நுனியைத் தூக்கினேன்.

“தொடைக்காத, கீறிப்பூடும்.
ஜில்லுன்னு வந்துக்குதுல்ல,
நம்மூரு சூடு ஏறட்டும். தானா போவும்.”

கூடை நிறைந்தது.
மிஞ்சிய ஒரு சில்லை
என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
வண்டியேறிப் போய்விட்டாள்.
கையை என்ன செய்வதென்று தெரியாமல்
அது தீரும்வரை பிடித்திருந்தேன்.

லென்ஸ் தெளிந்தபோது ஆறு பன்னிரண்டு.
வெயில் வெளுத்து, சாலை காலி.
கேட்டபடியே
ஆளில்லாத கட்டடம், கோணாத கோடுகள்,
ஜன்னல் கம்பிவரை கூர்மை.
பிப்ரவரிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

“கீழே வாசல் முன்னாடி
கறுப்பா ஒரு திட்டு இருக்கே சார்,
எடுத்துடவா?”
டிசைனர் போனில் கேட்டார்.

கட்டடத்தோட நிழல், இருக்கட்டும் என்றேன்.

கிழக்கு பார்த்த வீட்டின் நிழல்
காலையில் வாசலில் விழாது.
அவர் கவனிக்கவில்லை.