பேர் நீக்கிய கோப்பு

முதல் வேலை, பேரை நீக்குவது.
பிறகு அடையாள அட்டை எண்ணை
யாரும் திருப்பித் திறக்க முடியாத
ஒரு சாவியாக மாற்றுவோம்.
மிச்சம்: வயது, பால், இனம், அஞ்சல் குறியீடு,
கடைசியாக எல்லை தாண்டிய தேதி.
அதற்கப்புறமும் தமிழில் அறிக்கை எழுதும்போது
இத்தனை லட்சம் பேர் என்றுதான் எழுதுகிறேன்.
ஒருவர், இருவர், மூவர் என்று
பத்துவரைதான் இந்த மொழிக்கு மூச்சு.
அதற்குமேல் பேரில்லாமல்
மனிதரை எண்ண வராது.

புதிதாய் வேலைக்கு வருகிறவர்களுக்கு
ஹுவி ஷான் வெள்ளைப் பலகையில் எழுதுவாள்:
போன ஜூனில் இருந்தவர்கள்,
கூட்டல் பிறந்தவர்கள், கழித்தல் இறந்தவர்கள்,
கூட்டல் வந்தவர்கள், கழித்தல் போனவர்கள்.
பிறப்பும் இறப்பும் சுத்தமான பதிவேடுகள்,
நிமிடம் உட்பட வந்துவிடும்.
தொல்லையெல்லாம் அந்தக் கடைசி வரியில்.
போகிறேன் என்று யார் சொல்லிவிட்டுப் போகிறார்கள்?
போயிட்டு வர்றேன் என்கிறார்கள்.

ஆகவே ஒரு விதி.
பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால்
வசிப்போர் கணக்கில் அவர் இல்லை.
அந்த வரியை நிரலில் எழுதியவள் நான்.
இரண்டு முறை சோதித்தேன். பிழையில்லை.

உட்லண்ட்ஸில் விடியுமுன் மோட்டார் சைக்கிள்கள்.
பகல் இங்கே, இரவு ஜொகூரில்.
தூங்கும் இடமா, வியர்க்கும் இடமா
ஒருவன் வசிக்கும் இடம்?
மூன்று கூட்டம் நடந்தது.
கடைசியில் ஓர் அடிக்குறிப்பு எழுதினோம்.

களப்பணியிலிருந்து ஜுபைதா திரும்பி வந்தாள்,
செங்காங்கின் மழையோடு.
ஒரு வீட்டில் கம்பிக்கதவுக்குப் பின்னால்
இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்றாளாம்.
"வீட்டில் யாரும் இல்லை" என்றாளாம்.
நாங்கள் சிரித்தோம்.
பிறகு அதற்கு என்ன குறியீடு போடுவது
என்று விவாதித்தோம்.

பதிவேடுகளை எவ்வளவு நம்பினாலும்
சில கதவுகளைத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.
எந்தக் கதவு என்பது தற்செயல் எண்களின் பாடு.
இந்த முறை அவை வந்து நின்றது
ஈசூனில், என் புளோக்கில், ஒன்பதாம் மாடியில்.

சனிக்கிழமை மூன்று மணி.
கையில் கணினிப் பலகையோடு ஒரு பையன்,
லிஃப்ட் பழுது, மூச்சு வாங்கியது.
"வழக்கமாக இந்த வீட்டில்
எத்தனை பேர் வசிக்கிறீர்கள்?"
வழக்கமாக என்ற அந்த ஒரு சொல்லுக்காக
அலுவலகத்தில் ஒரு வாரம் சண்டை போட்டவள் நான்.

பிரேமன் பெர்த்துக்குப் போய்ப் பதினான்கு மாதம்.
அவன் அட்டையில் இன்னும் என் முகவரி.
காலணி அலமாரிமேல் அவன் ஹெல்மெட்,
அதற்குள் மின்கட்டண ரசீதுகளைப் போட்டு வைக்கிறேன்.
அக்கா, ஒரு வருசம்தான் என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
சாங்கியில் பார்க்கிங் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது.

"இருவர்" என்றேன்.

பையன் தட்டிக்கொண்டான், தண்ணீர் வேண்டாமென்றான்,
படியில் இறங்கிப் போனான்.

திங்களன்று வழக்கம்போல் அந்தப் பட்டியல்:
பதிவேடு ஒன்று சொல்ல
வாசல் வேறொன்று சொன்ன வரிசைகள்.
பேரில்லை. ஆனாலும்
ஆண், முப்பத்தொன்பது, இந்தியர், ஈசூன் என்று வடிகட்டினால்
நாலைந்துக்குமேல் தேறாது.
விரல் அங்கேதான் இருந்தது.
வடிகட்டவில்லை.
இரண்டும் மோதினால் எல்லைப் பதிவுதான் வெல்லும்,
அதுவும் நான் எழுதிய வரிதான்.
ஓட்டினேன். நாற்பது வினாடி.
வெளியிடும்போது ஆயிரத்துக்கு முழுமையாக்குவோம்,
அட்டவணையில் ஓர் எண்ணும் அசையவில்லை.
ஹுவி ஷான் கோப்பி குடிக்கக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் கீழ்த்தளத் தபால் பெட்டியில்
பல் மருத்துவரின் நினைவூட்டல்,
பெரிய எழுத்தில் அவன் பேர்.
இங்கே இல்லை என்று எழுதித்
திருப்பி அனுப்பலாம்.
பையில் பேனா தேடினேன்,
பென்சில்தான் இருந்தது.
லிஃப்ட் சரியாகியிருந்தது.