இருப்பு

அப்பாவின் போனுக்கு இன்னும் செய்தி வருகிறது.
கப்பலூர் டோல்கேட், அதிகாலை மூன்று பத்து,
பிடித்தது இவ்வளவு, மீதி இவ்வளவு.
லாரியை வாங்கிய நாமக்கல்காரர்
முன்கண்ணாடியில் ஒட்டிய பட்டையை
இன்னும் உரிக்கவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.

முப்பத்தொரு வருஷம் ஓட்டினார் சவரிமுத்து.
பூம்பாறையில் பூண்டு ஏற்றி
வடுகபட்டி மண்டியில் இறக்குவார்.
திரும்பும்போது சிமெண்டு, சில நாள் தவிடு,
ஒருமுறை யார் வீட்டுச் சீர்வரிசையோ:
பீரோக் கண்ணாடிக்குள்
மலை முழுக்க ஆடி ஆடி ஏறி வந்தது.

விபத்து என்றால் ஒன்றே ஒன்று.
பண்ணைக்காடு பிரிவில் அந்தோணியின் டீக்கடைச் சுவர்.
அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும்
கிளீனர் காசிமாயனைக் கூட்டிப்போய்
அவரே கட்டிக் கொடுத்தார்.
கொஞ்சம் கோணல். இன்றைக்கும் நிற்கிறது.

பள்ளத்தைப் பார்க்க அவருக்குப் பயம்.
டம்டம்பாறையில் ஊர்ப்பட்ட ஜனம்
கம்பியைப் பிடித்துப் படமெடுக்கும் இடத்தில்
முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடிப்பார்.
மஞ்சளாறு அணையில் எவ்வளவு தண்ணீர் என்று
நாங்கள் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
"அப்படியா," என்பார், ரோட்டைப் பார்த்தபடி.

பெருமாள்மலையில் எங்கள் வீட்டு வளைவுக்கு
இரண்டாவது கியர் தேவையே இல்லை.
போடுவார்.
ஹாரன் அடித்தால் எதிர்வீட்டுப் பிள்ளை முழித்துக்கொள்ளும்,
அதனால் ஓர் உறுமல் மட்டும்.
இறங்கும்போது கேட்டால் அம்மா மணி பார்ப்பாள்.
ஏறும்போது கேட்டால் உலை வைப்பாள்.

என் புதுநன்மைக்கு அவர் வரவில்லை.
மரம் விழுந்து இரண்டு நாள் வழியில் நின்றுவிட்டார்.
மூன்றாம் நாள் கொண்டுவந்த வெள்ளைக் கவுன்
பூண்டு நாறியது, ஓர் அளவு சிறியது.
ஒரு மாதம் நான் பேசவில்லை.
செத்துப்போனார் என்பதற்காக
அதை மாற்றி எழுத முடியாது.

நாற்பது பக்க நோட்டில் அவர் கணக்கு:
டீசல் நாலாயிரம்.
காசிமாயன் பேட்டா முந்நூறு.
காமக்காபட்டி செக்போஸ்ட், "டீ செலவு", நூறு.
அமலிக்கு காம்பஸ் பெட்டி.
"லூர்துக்கு" என்று ஒரு வரி,
எதிரே தொகை இல்லை.
அம்மாவைக் கேட்டால் தெரியாது என்கிறாள்.
சொல்லும்போது முகத்தைத் திருப்பிச் சிரிக்கிறாள்.

சர்க்கரை காலில் ஆரம்பித்தது.
பெருவிரலை எடுத்த அன்று
டாக்டரிடம் சொன்னார்:
"பிரேக்குக்கு விரல் வேண்டாங்க, பாதம் போதும்."

தேனி ஆஸ்பத்திரியிலிருந்து
அவரை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் பையன்
கொண்டை ஊசி வளைவை
மூன்றாவது கியரில் எடுத்தான்.
வண்டி திணறியது.
இப்போது எழுந்து திட்டுவார் என்று
வெள்ளைத் துணியையே பார்த்திருந்தேன்.
திட்டியது அம்மா.
"தம்பி, ரெண்டுல போடுப்பா. இரைக்குது பாரு."
ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை அவள்.
அடுப்படியிலிருந்து காதால் ஓட்டியவள்.

நேற்று ராத்திரி செய்தி வந்தது:
இருப்பு குறைவு.

"வண்டி எங்க நிக்குது?" என்றாள்.
"கடைசியா வேலஞ்செட்டியூர் தாண்டியிருக்கு."
"எரநூறு போடு."
"அது நம்ம வண்டி இல்லம்மா."
"தெரியுது.
நடுச்சாமத்துல வரிசையில நிறுத்தி
பின்னாடி இருக்கிறவனெல்லாம் ஹாரன் அடிப்பான்.
ஓட்டுறவன் பாவம்."

போட்டேன்.

மூன்று நாற்பதுக்கு
அடுத்த கேட்டைத் தாண்டியது.